ஞானத்தைக் கேட்டுப் பெற்றவர்: ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு, இளைஞர்கள் படித்துப் பயன்பெறத்தக்க பெரியார் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் பணித்தபோது, என் நினைவில் முதலில் எழுந்த பெயர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்பதேயாகும். அவர் நம் நாட்டவர் அல்லர். நம் மொழி அறியாதவர். எனினும் அவர் நடந்து சென்ற பாதை நமக்கு அந்நியமான பாதையன்று. மராட்டியத்து மகாத்மா ஜோதிராவ் பூலே 1873-ஆம் ஆண்டில் வெளியிட்ட குலாம்கிரி என்னும் நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கு உரிமையாக்கினார் என்பதை நம்மில் பலர் அறிவர். அந்நூல் அச்சேறிய அதே ஆண்டில், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துப் பண்ணை ஒன்றில், சட்டப்படி விடுதலை பெற்றும் பள்ளிக்கூடத்தின் வாசலை மிதிக்க இயலாதவனாய் ஒரு கறுப்பினச் சிறுவன் காட்டுச் செடிகளோடு பேசிக்கொண்டு திரிந்தான். அச்சிறுவனின் வரலாறே இது.

தொடங்குமுன் ஒரு சொல். தாழ்மை என்று எவரேனும் பேசத் தொடங்கினால் நம் இளைஞர்களின் முகம் சுருங்குவதை நான் கண்டிருக்கிறேன். அதற்குக் காரணமும் உண்டு. தலைமுறை தலைமுறையாகத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றவர்களின் பிள்ளைகளிடம் இன்னும் குனிந்து நில் என்று யார் கூறினாலும் கசக்கத்தான் செய்யும். ஆகவேதான் கார்வரின் கதையைச் சொல்ல விரும்புகிறேன். தேவனுக்கு முன்பாக முழங்காற்படியிடுவதும், மனிதனுக்கு முன்பாகக் கூனிக் குறுகுவதும் ஒன்றல்ல என்பதை அவர் வாழ்ந்து பார்த்தவர். அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள கோடு எங்கே இருக்கிறது என்பதில் அவர்தாமும் சில வேளை தடுமாறினார். அதையும் மறைக்காமல் கூறுவேன்.

டயமண்ட் குரோவ் என்னும் சிற்றூரில் மோசஸ் கார்வர் என்ற வெள்ளையர் பண்ணை வைத்திருந்தார். 1855-இல் அவர் மேரி என்னும் பதின்மூன்று வயதுப் பெண்ணை 700 டாலர் விலை கொடுத்து வாங்கினார். அந்த மேரியே நம் கார்வரின் தாய். மகன் பிறந்த நாளை எவரும் குறித்து வைக்கவில்லை. கன்று ஈன்ற நாளைக் குறித்து வைப்பவர்களும் அடிமையின் பிள்ளை பிறந்த நாளைக் குறிப்பதில்லை. 1864-ஐ ஒட்டிப் பிறந்தார் என்பதே அறிஞர் துணிபு. தந்தையை அவர் கண்டதில்லை. உள்நாட்டுப் போர் நடந்த அக்காலத்தில் கொள்ளைக் கூட்டத்தார் ஒரு நாள் இரவில் புகுந்து, மேரியையும் கைக்குழந்தையையும் தூக்கிச் சென்றனர். தேடிச் சென்ற ஆள் குழந்தையை மட்டும் மீட்டு வந்தான். அதற்குக் கூலியாக மோசஸ் தம் பந்தயக் குதிரை ஒன்றை ஈந்தார் என்பர். தாய் என்ன ஆனாள் என்பது இறுதிவரை தெரியவே இல்லை.

மோசஸ் கார்வரும் அவர் மனைவி சூசனும் பிள்ளைப் பேறு இல்லாதவர்கள். விடுதலைக்குப் பின்னர் ஜார்ஜையும் அவன் அண்ணன் ஜிம்மையும் தங்கள் வீட்டிலேயே வளர்த்தார்கள். ஜிம் வலிமை மிக்கவன். வயல் வேலைக்கு ஏற்றவன். ஜார்ஜோ கக்குவான் இருமலால் நலிந்து, குரலும் கீச்சென்று மெலிந்துபோன பிள்ளை. ஆகவே சூசன் அம்மையாரோடு அடுக்களையில் இருந்து சமைக்கவும், துவைக்கவும், தைக்கவும் கற்றுக்கொண்டான். ஓய்ந்த வேளைகளில் காட்டுக்குள் சென்று செடிகளைப் பெயர்த்து வந்து மறைவானதோர் இடத்தில் நட்டு வளர்த்தான். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாடிய செடிகளை அவனிடம் கொண்டுவந்து கொடுத்து மீட்டுக்கொண்டு போவார்களாம். எழுத்தறிவை அளித்தவர் சூசனே. ஆனால் ஞாயிறுதோறும் ஆராதனை நடந்த அதே கட்டடத்தில் வாரநாள்களில் நடந்த பள்ளிக்கு, கறுப்பன் என்ற காரணத்தால் அவன் அனுமதிக்கப்படவில்லை. தேவனைத் தொழும் இடத்திலேயே கல்வி மறுக்கப்பட்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அப்படியிருந்தும் அவன் தேவனை வெறுக்கவில்லை. ஏறத்தாழப் பத்து வயதில் நடந்ததாக அவரே பிற்காலத்தில் எழுதியிருப்பது இது: பக்கத்துப் பண்ணையைச் சேர்ந்த வெள்ளைச் சிறுவன் ஒருவன், தான் ஓய்வுநாள் பள்ளிக்குச் செல்வதைப் பற்றிக் கூறினான். ஓய்வுநாள் பள்ளி என்றால் என்ன என்று ஜார்ஜ் கேட்டான். பாட்டுப் பாடுவோம், ஜெபம் செய்வோம் என்றான் அவன். ஜெபம் என்றால் என்ன என்று மீண்டும் கேட்டான். அதற்கு அச்சிறுவன் கூறிய விடை ஜார்ஜின் நினைவில் நிற்கவில்லை. அவன் சென்றபின் ஜார்ஜ், தான் சோளம் உதிர்த்துக்கொண்டிருந்த களஞ்சியத்தின் பரண்மேல், சோளப் பீப்பாயின் ஓரத்தில் முழங்காற்படியிட்டுத் தனக்குத் தெரிந்தபடி பேசினான். என்ன பேசினான் என்பது அவனுக்கே நினைவில்லை. அந்தப் பரணே அவனுடைய முதல் ஆலயம்.

அவ்வயதில் அவன் கேட்டவை பிள்ளைகள் கேட்கக்கூடியவையே. ஒரு பேனாக்கத்தி வேண்டுமென்று ஏங்கி, அது தர்ப்பூசணிப் பழத்தில் செருகியிருப்பதாகக் கனவு கண்டு, விடிந்ததும் ஓடிப்போய் அவ்வாறே கண்டெடுத்ததாக ஒரு நிகழ்ச்சியை அவர் முதுமையிலும் சொல்வதுண்டு. கேட்போர் நம்பலாம், நம்பாதிருக்கலாம். நான் கவனிப்பது வேறொன்று. கத்தியைக் கேட்கத் தொடங்கிய பிள்ளை, வளர வளரப் பொருளைக் கேட்பதை விட்டு, அறிவைக் கேட்கலானான். சாலொமோன் அரசன் செல்வத்தையும் நீடிய ஆயுளையும் கேளாமல் ஞான இருதயத்தைக் கேட்டான் என்று வேதம் கூறுகிறது. அவன் அரசன், சிங்காசனத்தில் இருந்து கேட்டான். இவன் கேட்டது சோளப் பரணில்.

பன்னிரண்டு வயதளவில், எட்டு மைல் தொலைவிலிருந்த நியோஷோ என்னும் ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று பள்ளி இருப்பதாகக் கேள்வியுற்று, தன் சிறு மூட்டையோடு நடந்தே சென்றான். இரவில் ஒரு களஞ்சியத்தில் படுத்துறங்கினான். காலையில் கண்டால், அது மரியா வாட்கின்ஸ் என்னும் அம்மையாரின் வீட்டுக் களஞ்சியம். பள்ளிக்கூடமோ அடுத்த வேலிக்கு அப்பால். மரியா அம்மையார் கறுப்பினத்தவர். மருத்துவச்சியாகவும் சலவைக்காரியாகவும் உழைத்துப் பிழைத்தவர். பெயரென்ன என்று அவர் கேட்டபோது, கார்வருடைய ஜார்ஜ் என்றான் பையன். பண்ணை மாட்டைக் குறிப்பதுபோல் அடிமைகளைக் குறித்த வழக்கம் அது. இனி அவ்வாறு கூறாதே, உன் பெயர் ஜார்ஜ் கார்வர் என்று திருத்தினார் அந்த அம்மையார். ஒரு சொல்லை முன்பின்னாக மாற்றியதில் ஒரு மனிதன் பிறந்தான். அவ்வம்மையார் அவனுக்கு ஒரு வேதாகமத்தையும் பரிசளித்தார். கற்கக்கூடியதையெல்லாம் கற்று, அதைத் தன் மக்களுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற கட்டளையும் அவரிடமிருந்து வந்ததே. எழுத்தறிவு அதிகம் இல்லாத ஒரு சலவைக்காரப் பெண்மணி ஒரு விஞ்ஞானிக்கு வாழ்நாள் வேலையை வகுத்துத் தந்துவிட்டார்.

பின்னர் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் கார்வர் கல்வியைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். போன இடமெல்லாம் துணி வெளுத்தும், சமைத்தும் வயிறு வளர்த்தார். கான்சாஸ் மாநிலத்து ஃபோர்ட் ஸ்காட் நகரில் 1879 மார்ச்சில், ஒரு கறுப்பரைச் சிறையிலிருந்து இழுத்து வந்து கும்பலொன்று கொன்று எரித்ததைக் கண்ணாரக் கண்டு, அன்றிரவே அவ்வூரை விட்டு ஓடினார். அக்காட்சி முதுமையிலும் அவர் கண்ணைவிட்டு அகலவில்லை. 1883-இல் அண்ணன் ஜிம் அம்மை நோயால் மாண்டான். உலகில் இரத்த உறவென்று எவரும் எஞ்சவில்லை. மின்னியாபோலிஸ் என்னும் கான்சாஸ் நகரில் உயர்நிலைக் கல்வியை முடித்தார். அங்கே தம் பெயருடைய வேறொருவர் இருந்தமையால் கடிதங்கள் மாறிப்போயின. ஆகவே வாஷிங்டன் என்பதைத் தாமே சேர்த்துக்கொண்டார்.

அடுத்து நேர்ந்தது நம் பிள்ளைகள் பலரும் அறிந்த துன்பம். ஹைலண்ட் என்னும் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். மதிப்பெண்களைக் கண்டு சேர்த்துக்கொள்வதாகக் கடிதம் வந்தது. மகிழ்ச்சியோடு போய் நின்றபோது, தலைவர் அவர் முகத்தின் நிறத்தைக் கண்டு, இங்கே கறுப்பரைச் சேர்ப்பதில்லை என்று அனுப்பிவிட்டார். கடிதத்துக்கு நிறம் தெரியாது, கல்லூரிக்குத் தெரிந்தது. அதன்பின் சில ஆண்டுகள் அவர் கல்லூரியைப் பற்றி வாய் திறக்கவில்லை. 1886-இல் கான்சாஸின் மேற்கே வறண்ட சமவெளியில் அரசு நிலம் பெற்று, புல்மண் கட்டிகளை அடுக்கி வீடு கட்டி, 17 ஏக்கரை ஏரும் மாடும் இன்றிக் கையாலேயே கொத்திப் பயிரிட்டார். வறட்சியும் பனிப்புயலும் அதையும் நிலைக்க விடவில்லை.

அங்கிருந்து அயோவா மாநிலத்து வின்டர்செட்டுக்கு வந்து உணவு விடுதியில் சமையற்காரராக இருந்தபோது, ஞாயிறு ஆராதனையில் அவருடைய பாட்டைக் கேட்ட வெள்ளைக் குடும்பத்தார், மில்ஹாலண்ட் என்போர், அவரை வீட்டுக்கு அழைத்துப் பழகி, மீண்டும் கல்லூரிக்குச் செல்லுமாறு வற்புறுத்தினர். ஒருமுறை விரட்டப்பட்டவரை இன்னொரு வாசலுக்கு அனுப்புவது எளிதன்று. ஆனாலும் 1890-இல் சிம்ப்சன் கல்லூரிக்குச் சென்றார். மெதடிஸ்ட் திருச்சபையினரின் அக்கல்லூரி நிற வேறுபாடு பாராமல் சேர்த்துக்கொண்டது. கட்டணம் செலுத்தியபின் கையில் எஞ்சியது பத்து சென்ட். ஐந்து சென்ட்டுக்குச் சோளமாவும், ஐந்து சென்ட்டுக்கு மாட்டுக் கொழுப்பும் வாங்கி ஒரு வாரம் உயிர் தாங்கினார். பின்னர் மாணவர்களின் துணிகளை வெளுத்து வாழ்ந்தார். துணி கொண்டுவந்த மாணவர்கள், அவர் மரப்பெட்டிமேல் அமர்ந்து படிப்பதைக் கண்டு, அவர் இல்லாத வேளையில் மேசையும் நாற்காலியும் கட்டிலும் வாங்கிப் போட்டுவிட்டுத் தெரியாததுபோல் இருந்துவிட்டார்கள்.

அவர் கற்க விரும்பியது ஓவியம். கைத்திறனும் இருந்தது, அவர் வரைந்த கள்ளிச்செடி ஓவியம் ஒன்று 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் இடம்பெற்றுப் பாராட்டும் பெற்றது. ஆனால் ஓவிய ஆசிரியை எட்டா பட், தூரிகையைக்கொண்டு ஒரு கறுப்பர் அந்நாட்டில் உயிர் வாழ இயலாது என்று கவலையுற்று, தம் தந்தையார் பேராசிரியராக இருந்த ஏம்ஸ் நகரத்து வேளாண்மைக் கல்லூரிக்கு மாறுமாறு அறிவுரை கூறினார். கார்வருக்கு இது பெரும் போராட்டம். பல நாள் ஜெபித்தபின், தம் மக்களுக்கு எது பயன் என்ற ஒரே கேள்வியால் முடிவு செய்தார். 1891-இல் ஏம்ஸ் சென்றார். அக்கல்லூரியின் முதல் கறுப்பின மாணவர் அவரே. முதல் நாளில் உணவுக்கூடத்தில் மாணவர்களோடு அமர விடாமல், நிலவறையில் பண்ணை வேலையாட்களோடு உண்ணச் செய்தார்கள். இதைக் கேள்வியுற்ற, சிம்ப்சன் கல்லூரி இருந்த நகரத்து வெள்ளைப் பெண்மணி ஒருவர் தம் நல்ல உடையை உடுத்திக்கொண்டு இரயிலேறி வந்து, நாள் முழுதும் அவரோடு கல்லூரியைச் சுற்றி, அந்த நிலவறையிலேயே அவரோடு அமர்ந்து உண்டு சென்றார். அதன்பின் நிலைமை மாறிற்று. 1894-இல் இளநிலைப் பட்டமும், 1896-இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். அங்கேயே ஆசிரியப் பணியும் பெற்றார். பூஞ்சைகளை இனங்காணும் துறையில் அவருக்கிருந்த தேர்ச்சி அறிஞர் வியந்தது. சில பூஞ்சைகள் அவர் பெயராலேயே வழங்குகின்றன.

அந்நிலையில் 1896-இல் புக்கர் டி. வாஷிங்டனிடமிருந்து கடிதம் வந்தது. தாமும் அடிமையாய்ப் பிறந்து, அலபாமா மாநிலத்து டஸ்கேகியில் கறுப்பின மக்களுக்குக் கல்விச்சாலை நிறுவியவர் அவர். பணமோ, பதவியோ, புகழோ தர இயலாது. உழைப்பைத்தான் தர இயலும் என்ற பொருள்பட எழுதியிருந்தார். கார்வர் அங்கு சென்றார். 47 ஆண்டுகள் அங்கிருந்து அசையவில்லை.

டஸ்கேகியில் ஆய்வுக்கூடம் என்று பெயருக்கும் ஒன்றில்லை. மாணவர்களைக் குப்பைமேடுகளுக்கு அழைத்துச் சென்று உடைந்த புட்டிகளையும், பழைய சட்டிகளையும், கம்பிகளையும் பொறுக்கி வந்து அவற்றையே கருவிகளாக்கினார். சுற்றிலும் கண்ட காட்சி அதனினும் துயரமானது. நிலம் வெள்ளையருடையது, வாரத்துக்கு உழுதவர்கள் கறுப்பர்கள். குடிசை வாசற்படி வரையில் பருத்தியே விதைக்கப்பட்டது. ஆண்டுதோறும் பருத்தியே இட்டதால் மண் சத்திழந்து, மழையில் கரைந்து ஓடிற்று. உழுதவனுக்கோ விளைச்சலைக் காட்டிலும் கடையில் பற்று அதிகம். சோளமாவும், வெல்லப்பாகும், கொழுப்பு இறைச்சியுமே உணவானதால் பெல்லாகரா என்னும் நோய் அம்மக்களை வாட்டிற்று.

இங்கேதான் கார்வரின் ஜெபம் எத்தகையது என்பதை நாம் காண்கிறோம். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து காட்டுக்குள் நடப்பார். தாமாக எதையும் அறியாதவர் என்ற எண்ணத்தோடு, அன்று எதைக் காண வேண்டுமோ அதைக் காணும் கண்ணைத் தருமாறு படைத்தவரைக் கேட்பார். செடிகளையும், மண்கட்டிகளையும், பூஞ்சைகளையும் பெட்டி நிறையச் சேர்த்துக்கொண்டு திரும்புவார். அதன்பின் நாள் முழுதும் ஆய்வு. கேட்டுவிட்டுக் கைகட்டிக் காத்திருந்தவர் அல்லர் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கக்கடவன் என்று யாக்கோபு எழுதிய நிருபம் போதிக்கிறது. அதே நிருபம்தான் கிரியையில்லாத விசுவாசத்தைச் செத்தது என்றும் கூறுகிறது. கார்வர் இரண்டையும் சேர்த்தே படித்தவர்.

வேர்க்கடலை பற்றி அவர் மேடைதோறும் கூறிய கதை புகழ்பெற்றது. மேடைக்கு மேடை சிறிது மாறவும் செய்யும். அண்டம் ஏன் படைக்கப்பட்டது என்று கர்த்தரிடம் கேட்டாராம். அது உன் சிற்றறிவுக்கு மிகப் பெரிது, சிறிதாகக் கேள் என்று விடை வந்ததாம். மனிதன் ஏன் படைக்கப்பட்டான் என்று கேட்டார். அதுவும் பெரிது எனப்பட்டது. இப்படிக் கேள்வி இறங்கி இறங்கி, இறுதியில் வேர்க்கடலையில் வந்து நின்றது. அது உன் அளவுக்கு ஏற்றது என்ற விடையோடு ஆய்வுக்கூடத்துக்குள் சென்றாராம். இதை வேடிக்கைக் கதையென்று தள்ளிவிடலாகாது. தன் கேள்வியின் அளவைக் குறைத்துக்கொள்ளத் தெரிந்தவனே விடை காண்கிறான். ஆய்வு செய்யும் எவரையும் கேட்டுப் பாருங்கள், இதையே கூறுவார்.

வேர்க்கடலையை அவர் ஏன் தேர்ந்தார்? ஆற்காட்டுப் பக்கத்தில் மணிலாக்கொட்டை என்றும் மல்லாட்டை என்றும் நாம் சொல்லும் அதே பயிர்தான். அதைக் களையெடுத்தும், பிடுங்கியும், ஆய்ந்தும் கூலி பெற்ற குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! செடியைப் பிடுங்கினால் வேரில் சிறுசிறு முடிச்சுகள் தெரியும். அவற்றில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குத் தழைச்சத்தாக்குகின்றன. பருத்தி உறிஞ்சி எடுத்ததைக் கடலையும் காராமணியும் திருப்பித் தருகின்றன. விலைக்கு உரம் வாங்க இயலாத ஏழைக்கு இது இலவச உரம். இறைச்சி வாங்க இயலாதவனுக்குப் புரதம். பெல்லாகராவைத் தடுக்கும் சத்தும் அதிலேயே உண்டு. கடலையோடு சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் பயிரிடச் சொன்னார். சதுப்பு நிலச் சேற்றையும் இலைச் சருகையும் மட்கச் செய்து நிலத்துக்கு இடக் கற்பித்தார். ஊர்க் களிமண்ணிலிருந்து வண்ணச் சாந்து செய்து குடிசைச் சுவர்களுக்குப் பூசச் சொல்லிக் கொடுத்தார். 1910-ஐ ஒட்டிப் பருத்திக்காய் வண்டு அலபாமாவில் புகுந்து பயிரை அழித்தபோது, அவர் சொல்லைக் கேளாதிருந்தவர்களும் கேட்கத் தொடங்கினர்.

கல்லூரிக்கு வர இயலாதவர்களுக்காகக் கல்லூரியையே அனுப்பினார். 1906-இல் குதிரை பூட்டிய வண்டியொன்றில் கருவிகளையும் விதைகளையும் ஏற்றி, ஊர் ஊராய் வயல் ஓரத்தில் நின்று செய்து காட்டும் ஏற்பாடு தொடங்கிற்று. பணம் உதவியவர் பெயரால் அது ஜெசப் வண்டி எனப்பட்டது. எளிய நடையில் 44 சிறு வெளியீடுகளை வெளியிட்டார். 1916-இல் வந்த வெளியீடு கடலையைப் பயிரிடும் முறையையும் அதை உணவாக்க 105 வழிகளையும் கூறிற்று. படித்தோர்க்காக எழுதப்பட்டவை அல்ல அவை. ஒருவர் வாசிக்க ஊரார் கேட்பதற்கு எழுதப்பட்டவை.

இங்கே ஒரு திருத்தம் கூறவேண்டும். கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் கார்வர் என்று நம் பள்ளிகளில் கூறப்படுவது சரியன்று. அது அவருக்கு முன்னரே இருந்தது. அவர் பட்டியலிட்ட முந்நூறு பொருள்களில் சமையல் குறிப்புகளும், முன்பே அறிந்தவையும் பல. அவர் பெற்ற காப்புரிமைகள் மூன்றே. அவற்றைக்கொண்டு தொடங்கிய தொழிலும் சிறக்கவில்லை. முடக்குவாதம் தாக்கிய பிள்ளைகளுக்குக் கடலை எண்ணெய் தேய்த்துவிட்டு, எண்ணெயே குணமாக்குகிறது என்று நம்பினார். உண்மையில் உதவியது தேய்த்து உருவியதே. இவற்றைக் கூறுவதால் அவர் பெருமை குறையாது. தென் மாநிலங்களின் களர்பட்ட நிலத்தில் ஓர் ஏழை உழவன் கடனின்றி உண்டு வாழ வழிகாட்டியது முந்நூறு பொருள்களைக் காட்டிலும் பெரிது.

அவர் குற்றமற்ற புனிதரும் அல்லர். டஸ்கேகியில் அவருக்கும் தலைவர் வாஷிங்டனுக்கும் ஓயாத பிணக்கு. கோழிப்பண்ணைக் கணக்கு ஒழுங்காக இல்லை என்று தலைவர் கடிந்தால், இவர் மனம் நொந்து பதவி விலகுவதாக எழுதுவார், பின் தணிவார், மீண்டும் எழுதுவார். இப்படிப் பலமுறை. நிர்வாகத்தில் அவர் திறமை குறைவு. பாராட்டின்மேல் ஆசையும் இருந்தது. மணமாகாத ஆசிரியர் இருவர் ஓர் அறையில் தங்கும்போது, இவர் தம் செடித் தொகுப்புக்கென்று தனியறை கேட்டதும் உடன் ஆசிரியர்களுக்குப் பிடிக்கவில்லை. தாழ்மை அவருக்குப் பிறவியிலேயே வாய்த்த குணம் என எண்ணுவோர் இதை அறிய வேண்டும். அவர் நாள்தோறும் காட்டுக்குள் சென்று கேட்டுப் பெற வேண்டியிருந்தவற்றுள் அதுவும் ஒன்று. 1915-இல் வாஷிங்டன் மறைந்தபோது கார்வர் அடைந்த துயரத்துக்கு அளவில்லை.

1907-ஐ ஒட்டி, மாணவர்கள் சிலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க ஞாயிறு மாலைகளில் வேதாகம வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். கட்டாயம் ஏதுமில்லை, மதிப்பெண்ணும் இல்லை. ஆனாலும் அறை நிறைந்து வழிந்தது. முப்பது ஆண்டுகள் நடைபெற்றது. ஆதியாகமத்தை விளக்கும்போது கல்லையும் செடியையும் கொண்டுவந்து மேசைமேல் வைப்பார். படைப்பைப் படிப்பதும் வேதத்தைப் படிப்பதும் அவருக்கு ஒரே ஆசிரியரின் இரு நூல்களைப் படிப்பது போன்றதே.

1920-இல் மாண்ட்கோமரி நகரில் கடலை வணிகர் சங்கத்தின் மாநாட்டில் பேச அழைக்கப்பட்டார். அழைத்தது சங்கம், ஆனால் மாநாடு நடந்த விடுதியோ கறுப்பரை முன்வாசலில் விடாது. பெட்டிகளைச் சுமந்துகொண்டு பின்வழியாக நுழைந்தார். பேசி முடித்தபோது வணிகர்கள் தங்கள் வழக்கை நாடாளுமன்றத்தில் எடுத்துரைக்க இவரே தக்கவர் என்று முடிவு செய்தனர். 1921 ஜனவரியில், அயல்நாட்டுக் கடலைக்கு வரி விதிப்பது குறித்து ஆராய்ந்த குழுவின் முன் நின்றார். அளிக்கப்பட்ட நேரம் பத்து நிமிடம். உறுப்பினர் ஒருவர், கறுப்பரை ஏளனம் செய்வோர் வழக்கமாகக் கூறும் தர்ப்பூசணியைக் குறிப்பிட்டுச் சீண்டினார். கார்வர் சினம் கொள்ளாமல், அதுவும் நல்லதே, ஆயினும் பழமின்றியும் வாழலாம், உணவின்றி வாழ இயலாது என்ற கருத்தில் விடையளித்துவிட்டுக் கடலை மாவையும், பாலையும், சாயத்தையும் ஒவ்வொன்றாய் எடுத்து வைத்தார். பத்து நிமிடம் முடிந்தது, தொடருங்கள் என்றனர். இறுதியில் வேண்டிய மட்டும் பேசலாம் என்று தலைவர் இசைந்தார். இவற்றையெல்லாம் எங்கே கற்றீர் என்ற வினாவுக்கு, பழைய நூலொன்றில், அதாவது வேதாகமத்தில் என்றார். அதில் கடலையைப் பற்றி இருக்கிறதா என்றனர். கடலையைப் பற்றி இல்லை, கடலையைப் படைத்தவரைப் பற்றி இருக்கிறது, அவரைக் கேட்டேன், காட்டினார் என்ற பொருள்பட உரைத்தார் என்று சொல்லப்படுவதுண்டு. 1922-இல் நிறைவேறிய சட்டத்தில் கடலைக்கு வரி இடம்பெற்றது.

அவர் அடைந்த சோதனைகளுள் கடுமையானது வெள்ளையர் ஏளனமன்று, கற்றோரின் ஐயம். 1924 நவம்பரில் நியூயார்க்கில் ஓர் ஆலயத்தில் பேசியபோது, தாம் ஆய்வுக்கூடத்துக்குள் நூல்களைக் கொண்டு செல்வதில்லை, செய்யவேண்டியதைத் தேவன் வெளிப்படுத்துகிறார் என்றார். நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் தலையங்கம் தீட்டி, விஞ்ஞானிகள் இவ்வாறு பேசுவதில்லை, இது தம் இனத்தாருக்கும் டஸ்கேகிக்கும் இழிவு தேடித் தரும் என்று கண்டித்தது. கார்வர் மிகவும் வருந்தினார். விரிவான மறுமொழி எழுதினார். தாம் பயின்ற பட்டங்களையும், தம்மிடமுள்ள நூல்களையும், வரும் ஆய்வு இதழ்களையும் பெயர் கூறிக் குறித்தார். தேவ ஏவுதல் கல்விக்கு மாற்றன்று, கற்றவன் உள்ளத்திலேயே அது வந்து வேலை செய்கிறது என்பதே அதன் சாரம். அந்நாளிதழ் அதை வெளியிடவில்லை. வேறு இதழ்களில் வந்தது. மேடையில் அவர் கூறியது சற்று மிகை என்றே நானும் கருதுகிறேன். ஆனால் அவருடைய மறுமொழியை நம் மாணவர்கள் மனத்தில் கொள்ளவேண்டும். தேர்வுக்கு முன் ஜெபம் செய்துவிட்டுப் புத்தகத்தைத் திறக்காத பிள்ளைகளையும் நான் அறிவேன். புத்தகம் படித்த அகந்தையில் முழங்காலை மறந்தோரையும் அறிவேன்.

நிற வேறுபாட்டை எதிர்த்து அவர் மேடையேறிப் போராடவில்லை. இதற்காக அவர் காலத்திலேயே சிலர் அவரைக் குறை கூறினர், இன்றும் கூறுகின்றனர். குறையில் நியாயம் இல்லையென்று நான் கூறமாட்டேன். கல்லூரி கல்லூரியாய்ச் சென்று வெள்ளை மாணவர்களிடையே பேசி, முகஞ்சுளித்து அமர்ந்தவர்களை நண்பர்களாக்கி அனுப்பினார் என்பது உண்மை. அது அவர் தேர்ந்த வழி. அது மட்டுமே வழியென்று அவரைக் காட்டி எவரேனும் நமக்குப் போதித்தால் ஏற்கலாகாது.

புகழ் வந்தது. 1923-இல் ஸ்பிங்கார்ன் பதக்கம் கிடைத்தது. 1929-இல் சி. எஃப். ஆண்ட்ரூஸ் டஸ்கேகிக்கு வந்தார். அவர் வழியாகக் காந்தியடிகளோடும் உணவு பற்றிய தொடர்பு ஏற்பட்டது. 1939-இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் அவரைக் கண்டு சென்றார். ஆனால் மேலங்கி பழையதே. அதில் நாள்தோறும் செருகும் பூ மட்டும் புதியது. ஊதிய உயர்வை நாடாமல் சிக்கனமாய் வாழ்ந்து சேமித்த ஏறத்தாழ 60,000 டாலரையும் இளம் ஆய்வாளர்களுக்கான அறக்கட்டளைக்கு அளித்துவிட்டார்.

1943 ஜனவரி 5-ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். தலைவரோடு ஓயாது பிணங்கியவரை, டஸ்கேகியில் அத்தலைவரின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். அதே ஆண்டு ஜூலையில், குதிரை கொடுத்து அவரை மீட்ட அந்த மிசௌரிப் பண்ணையை அமெரிக்க அரசு தேசிய நினைவிடமாக்கிற்று. ஒரு கறுப்பினத்தவருக்காக அந்நாட்டில் அவ்வாறு அறிவிக்கப்பட்ட முதல் இடம் அதுவே. நியோஷோவில் சலவைக்கார அம்மையார் பரிசளித்த வேதாகமத்தை அவர் இறுதி நாள்வரை தம்மிடமே வைத்திருந்தார்.